‘லாஸ்ட் மீடியா’: இழந்த ஊடகமா, காணாமற்போன பதிவா?

குழந்தைகளுக்கான பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடி மீட்போரைப் பற்றித் தமிழில் எழுதுவோர், இன்று காணக் கிடைக்காத படைப்புகளைக் குறிக்கும் ‘லாஸ்ட் மீடியா’ என்னும் ஆங்கிலச் சொற்றொடரை ‘இழந்த ஊடகம்’ என்றே பெயர்த்துவருகின்றனர். இந்தப் பிழையான ஆக்கம் வேரூன்றுவதற்கு முன் மறுத்தாக வேண்டும்.

‘மீடியா’ என்பது, நடுவில் இருப்பது என்னும் பொருளுடைய ‘மீடியம்’ என்ற இலத்தீன் சொல்லின் பன்மை. நடு, இடை என்று பொருள்படும் ‘ஊடு’ என்பதிலிருந்து ‘ஊடகம்’ அமைந்தது. அச்சொல்லில் குறையில்லை, அதை இங்கே கொண்டுவந்து பொருத்தியதில்தான் குறை. ஆங்கிலத்தில் ‘மீடியா’ என்பது ஊடகத்தின் வழியே வரும் படைப்பையும் குறிக்குமளவுக்கு விரிந்துவிட்டது. தமிழில் ஊடகம் என்றால் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள், அல்லது அவற்றை நடத்தும் நிறுவனங்கள். ‘நேற்று ஓர் ஊடகம் பார்த்தேன்’ என்று எவரும் சொல்வதில்லை.

‘இழந்த’ என்பது இன்னும் மோசம். இழத்தல் செயப்படுபொருள் குன்றாவினை. ‘பதவி இழந்த அமைச்சர்’ என்கிறோம். ஆகவே ‘இழந்த ஊடகம்’ என்றவுடன், எதை இழந்த ஊடகம் என்னும் கேள்வியே எழுகிறது. ‘நாம் இழந்த’ என்று எழுவாயைச் சேர்த்தால் இலக்கணம் நேராகும், ஆனால் தேடுவோரின் நம்பிக்கை அதில் இராது. ‘அழிந்த’ என்பாரும் உளர். பி.பி.சி. 1960களில் ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் நாடாக்கள் பல அழிக்கப்பட்டு, வேறு நிகழ்ச்சிகளுக்காகத் திரும்பப் பயன்படுத்தப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த படச்சுருள் படிகள் ஆங்காங்கே தங்கின. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து அதுவரை கிடைக்காதிருந்த 9 பகுதிகள் மீண்டு வந்தன. மற்றப் பகுதிகளுக்கும், ஒளிபரப்பின்போது நேயர்கள் வீட்டில் பதிந்துவைத்த ஒலி இருக்கிறது. இவற்றை அழிந்தவை என்று எப்படி முடிவுகட்டுவது?

‘தொலைந்த’ என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் அமெரிக்கக் குழந்தைகள் தொடரின் 847ஆம் பகுதி 1976 பிப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. அதில் வந்த சூனியக்காரி பிள்ளைகளை அச்சுறுத்துகிறாள் என்று பெற்றோர் முறையிட்டதால் அது மறுஒளிபரப்புச் செய்யப்படவில்லை. 2022இல்தான் இணையத்தில் வெளிப்பட்டது. காப்பகத்தில் இருந்ததைத் தொலைந்ததென்று சொல்லலாகாது; மக்கள் காண வழியில்லாமற்போனது என்பதே சரி.

ஆகவே ‘காணாமற்போன பதிவு’ என்பதே என் துணிபு. தேடினால் அகப்படலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. காட்சிக் கலைக்குக் ‘காண்’ என்னும் வேர் இயல்பாகவும் பொருந்துகிறது. ‘பதிவு’ இன்று சமூக வலைத்தளக் குறிப்பையும் சுட்டுகிறதே என்பார்க்கு, முதலில் ஒருமுறை ‘ஒளி, ஒலிப் பதிவு’ என்று எழுதிவிட்டால் மயக்கம் தீரும் என்பேன்.

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகிய நாடகத்தமிழ் நூல்களில் சில சூத்திரங்களே வழங்குவதைச் சுட்டி, முதல் நடு இறுதி காணாமையால் அவையும் ‘இறந்தன போலும்’ என்றார். சிதறிய துண்டுகளையும் கணக்கில் கொண்டு, ‘போலும்’ என்று ஐயத்துக்கு இடம் வைத்த அந்த நிதானம், ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிடும் இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலரிடம் இல்லை. இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டால் அவர்களின் வேலை முடிந்துவிடுகிறது. படிப்பவனுக்குப் பொருள் விளங்கிற்றா என்பதை எண்ணுவதில்லை.

ஒளிபரப்பே ஆகாதவற்றையும் இதே பெயரில் அடைப்பது மற்றொரு குழப்பம். ‘செசமி ஸ்ட்ரீட்’ 1992இல் மணவிலக்கைப் பற்றி ஒரு பகுதியை எடுத்து, சிறு பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்தது. அவர்கள் கலங்கியதால் ஒளிபரப்பாமலே விட்டது. அதனை ‘ஒளிபரப்பாகாத பதிவு’ என்று தனியே வழங்க வேண்டும். ஒருமுறையேனும் மக்கள் கண்டு, பின்னர் காணக் கிடைக்காதவற்றையே காணாமற்போனவை என்னலாம்.