கைனகோமாஸ்டியா: ஆண் மார்பகப் பெருக்கம்

கிரேக்கத்தில் ‘கைனே’ பெண், ‘மாஸ்தோஸ்’ மார்பகம். இரண்டும் சேர்ந்த கைனகோமாஸ்டியா, ஆணுக்கு மார்பகத் திசு வளர்வதைக் குறிக்கிறது. தமிழில் பலர் ‘ஆண் மார்பக வீக்கம்’ என்று எழுதுகிறார்கள். இதய மருந்தால் இது வந்த நோயாளிக்கு அந்தச் சொல் குழப்பும். அவருக்கு வீக்கம் என்றால் காலில் நீர் கோர்ப்பது. இங்கே நீர் இல்லை, காம்புக்கு அடியில் திசுதான் வளர்கிறது. அதனால் ‘ஆண் மார்பகப் பெருக்கம்’ என்பதே சரி.

காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இந்தப் பெயரைச் சொல்லி யாரும் டாக்டரிடம் போவதில்லை. “மார்ல கட்டி மாதிரி இருக்கு, சட்டை உரசினா வலிக்குது” என்பார்கள். பலர் அதையும் சொல்வதில்லை. வெற்றுடம்போடு வலை பிரித்த மனிதர் பனியனைக் கழற்றக் கூச்சப்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் இதய மாத்திரையை நிறுத்திவிட்டால் அதுதான் ஆபத்து. மூச்சுத்திணறல் திரும்பி வரும்.

இதய நோயாளிகளுக்கு இதன் காரணம் பெரும்பாலும் ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து. ஆல்டாக்டோன் என்ற பெயரில் தனியாகவும், லாசிலாக்டோனில் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடோடு சேர்ந்தும் வரும். எல்லாமே நம் ஆட்களுக்கு ‘நீர் மாத்திரை’தான். உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோனைத் தடுப்பது ஸ்பைரனோலாக்டோனின் வேலை. ஆனால் ஆண் ஹார்மோனின் ஏற்பியிலும், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்திலும், போய் ஒட்டிக்கொள்ளும். தீவிர இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், இதை எடுத்த ஆண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மார்பகப் பெருக்கமோ வலியோ வந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் அது 1 சதவீதம். அதே ஆய்வில் ஸ்பைரனோலாக்டோன் உயிரிழப்பைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. இவ்வளவு உதவும் மருந்தைக் கூச்சத்துக்காக விட்டுவிடக் கூடாது.

விட வேண்டியதும் இல்லை. அதே வகையைச் சேர்ந்த எப்ளரினோன் அல்டோஸ்டிரோன் ஏற்பியை மட்டும் குறிவைப்பதால் மார்பகத் தொல்லை மிக அரிது. விலை கூடுதல். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர முடியும். சீக்கிரம் சொன்னால் வளர்ந்த திசு சுருங்கவும் வாய்ப்பு அதிகம். நாளானால் தழும்புபோல இறுகி நின்றுவிடலாம். இன்னொரு இதய மருந்தான டிஜாக்சினும் மார்பகப் பெருக்கத்தை உண்டாக்கும் என்பதால் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகக் கட்டி இருந்தால், மருந்தின் மேல் பழிபோடாமல் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

ஒன்றில் ஸ்பைரனோலாக்டோனுக்கும் எப்ளரினோனுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டுமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், அது மிஞ்சினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எப்ளரினோனுக்கு மாறியபின்னும் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். அப்புறம், இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. வெயிலுக்குத் தினமும் குடிப்பவர் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.