இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் அடிபட்டால் படுக்கையில் போய் முடங்காதீர்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்துவிட்டார் அந்த அம்மா. ஒருநாள் இரவு கால் வழுக்கியது. விழவில்லை; விழாமல் இருக்கக் காலைச் சட்டென்று இழுத்ததில் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் மூட்டு அதன் இடத்திலேயே இருந்தது, எலும்பில் விரிசலும் இல்லை. நாலைந்து நாள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார் மருத்துவர். வீடு வந்து சேர்வதற்குள் அது ‘நடக்கவே கூடாது’ என்று ஆகிவிட்டது. மூன்று வாரம் கழித்து பிசியோதெரபிக்கு என்னிடம் வந்தபோது நாற்காலியிலிருந்து தானாக எழ அவரால் முடியவில்லை.

தசைப்பிடிப்பு எப்போதோ ஆறியிருந்தது. அவரை முடக்கியது படுக்கைதான். இதே கதையை வேறு வேறு வீட்டார் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிபட்டதும் தாங்க முடியாத வலி, கால் ஊன்றவே முடியவில்லை, ஒரு கால் குட்டையானதுபோல் தெரிகிறது, பாதம் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திரும்பிக் கிடக்கிறது என்றால் மூட்டு நழுவியிருக்கலாம் அல்லது எலும்பு முறிந்திருக்கலாம். யாரும் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. அப்படியே படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், நீவிவிடாதீர்கள், அன்றே காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையல் போட்ட இடத்தில் நீர் கசிவது, சிவந்து சூடாவது, காய்ச்சல் எல்லாம் உடனே சொல்ல வேண்டியவை.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று மறைக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து மறைக்காதீர்கள். பெரிய வலி இல்லாமலேகூடச் சிறு விரிசல் இருக்கலாம், அதைத் தெரியாமல் நடந்து பெரிதாக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி, பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அந்தத் தவறான நம்பிக்கை நுழைகிறது: ‘அடிபட்ட இடம் அசையாமல் இருந்தால்தான் ஆறும்.’

இழுபட்ட தசைக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. அந்த ஓய்வு அந்த ஒரு தசைக்கு. உடம்பு முழுவதையும் கட்டிலில் போட்டால் என்ன ஆகும்? எந்த நோயும் இல்லாத முதியவரே 10 நாள் முழுக்கப் படுத்திருந்தால் கால் தசையும் அதன் பலமும் குறைந்துவிடும். உங்களுக்கோ அறுவை சிகிச்சையால் ஏற்கெனவே தளர்ந்த தசை. முக்கியமாக இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தசை. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் நடை சாயும். சாய்ந்த நடையைப் பார்த்து ‘ஆபரேஷன் வீணாப்போச்சு’ என்பார்கள். வீணானது ஆபரேஷன் இல்லை, அதன் பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகச் சேர்த்த பலம். பலம் குறைந்தால் தடுமாற்றம் கூடும், தடுமாற்றம் கூடினால் அடுத்த விழுகை. ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பும் படுத்தே கிடந்தால் கூடத்தான் செய்யும்.

படுக்கையில் இன்னொரு தொல்லை, முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணை. இதமாகத்தான் இருக்கும். ஆனால் நாளெல்லாம் அப்படியே கிடந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நிமிர்ந்து நிற்க வைப்பதற்குள் நோயாளிக்கும் எங்களுக்கும் போதும் போதும் என்றாகிவிடும். எடுத்துவிடுங்கள் அதை.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு படி கீழே இறங்குங்கள், அடிமட்டத்துக்குப் போகாதீர்கள். ஊன்றுகோலுடன் நடந்தவர் சில நாள் வாக்கருக்குத் திரும்பலாம். ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் நடந்தவர் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையையும் புட்டத்தையும் இறுக்கித் தளர்த்துவது போன்ற பயிற்சிகளை மருத்துவர் தடுத்தாலொழிய முதல் நாளிலிருந்தே தொடருங்கள். லேசான வலி இருக்கும். மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி, ஏறியிருந்தால் பாதியாகக் குறையுங்கள். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

எலும்பு முறிவுக்குத் தகடோ ஆணியோ வைத்தவர்களுக்கு எவ்வளவு எடை ஊன்றலாம் என்ற கணக்கே வேறு. இதைப் படித்துவிட்டு அவர்கள் தாங்களாக நடையைக் கூட்டிவிட வேண்டாம்.

ஊன்றுகோல், ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இதை எத்தனை முறை சொன்னாலும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்! படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் ஆன காலும் முதலில். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தத் தடைகள் இப்போதும் அப்படியே இருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

மருத்துவர் ‘ரெஸ்ட் எடுங்க’ என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கலாம், முழு எடையும் ஊன்றலாமா, எந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் வீட்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும்.

அடிபட்ட பிறகு முதல்முறை நடக்கும்போது பயம் வரும், கால் விறைக்கும், பார்வை தரையிலேயே நிற்கும். அந்த விறைப்பே தடுமாற வைக்கும், அதனால் தனியாக விடாதீர்கள். ஆபரேஷன் ஆன பக்கம், அரை அடி பின்னால் ஒருவர் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவசரப்படுத்தவும் வேண்டாம். கட்டிலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பினால் அன்றைக்குப் போதும், சாயங்காலம் இன்னொரு முறை.