நில ஊகவணிகக் கூட்டு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'லேண்ட் ஸ்பெகுலேஷன்' எனப்படுவதை நிலச் சூதாட்டம் என்றும் நில முதலீடு என்றும் எழுதிவிடுகிறார்கள், இரண்டும் பொருந்தா; 'நில ஊகவணிகம்' என்பதே பொருந்தும். உழுவதற்கோ குடியிருப்பதற்கோ அன்றி, விலை ஏறும் என்று கணித்து, மறுவிற்பனைக்காகவே நிலத்தை வளைத்துப் போடுவதை இச்சொல் குறிக்கிறது. இலத்தீனில் 'ஸ்பெகுலா' என்றால் காவற்பரண். நோட்டமிடுவதைக் குறித்த அதன் வினை, பிறகு ஆராய்ந்து எண்ணுவதையும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலையேற்றத்தை நோக்கிய வணிகத்தையும் குறிக்கலாயிற்று.

அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தில் இவ்வணிகம் எவ்வாறு நடந்தது என்பதற்கு, மேற்கு நியூயார்க்கில் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கருக்காக ஆலிவர் ஃபெல்ப்ஸும் நத்தானியேல் கோரமும் 1788-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துடன் செய்த ஒப்பந்தமே நல்ல சான்று. அவர்கள் வாங்கியது நிலத்தை அன்று. அம்மண்ணுக்குரிய பூர்வகுடிகளிடமிருந்து அதை முதலில் வாங்கும் உரிமையை மட்டுமே. ஆகவே 'நிலம் வாங்கினர்' என்று எழுதுவது பூர்வகுடிகளின் உடைமையையே மறைத்துவிடும். 'முன்கொள்முதல் உரிமை பெற்றனர்' என்பதே சரி. விலையாகப் பேசிய 3 லட்சம் பவுண்டையும், சந்தையில் மதிப்பிழந்து கிடந்த மாநிலக் கடன் பத்திரங்களாகவே செலுத்த எண்ணியிருந்தனர். 1790-இல் மாநிலக் கடன்களை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதும் பத்திரங்களின் விலை ஏறியது. தவணை கட்ட இயலாமல், உரிமையின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தனர். நிலம், பத்திரம் ஆகிய இரண்டின் விலைப்போக்கையும் கணித்து இறங்கிய இத்தகைய வணிகத்துக்கு 'ஊகவணிகம்' என்ற சொல் பொருந்துகிறது.

இவ்வணிகத்தில் சேர்ந்து இறங்கும் 'பார்ட்னர்' என்பவரைப் பங்குதாரர் என்பதைவிடக் கூட்டாளி என்பதே தகும். பங்குதாரரின் இழப்பு போட்ட பணத்தோடு நிற்கும். கூட்டாளியோ கூட்டின் கடனுக்குத் தம் சொத்து முழுவதையும் ஈடாக்குகிறார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான ராபர்ட் மாரிஸும், அவருடன் ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் ஆகியோரும் 1795-இல் தொடங்கிய வட அமெரிக்க நில நிறுவனம் பங்குகளை விற்றதெனினும், மாரிஸும் நிக்கல்சனும் ஒருவர் எழுதிய புரோநோட்டுக்கு மற்றவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கி வந்தனர். நிலம் எதிர்பார்த்தபடி விற்காமல் அந்த நோட்டுகள் மதிப்பிழந்தபோது இருவரும் சேர்ந்தே வீழ்ந்தனர்: மாரிஸ் 1798 முதல் 1801 வரை ஃபிலடெல்ஃபியாவின் கடனாளிச் சிறையில் இருந்தார்; நிக்கல்சன் 1800-இல் சிறையிலேயே இறந்தார்.