கணக்கெடுப்புக் கடிதம் வீட்டுக்கு வந்தால்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கடிதம் ஒன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது. வீட்டு வருமான செலவு ஆய்வுக்கு உங்கள் வீடு தெரிவாகியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. தபாலில் வந்தாலும் சரி, அலுவலர் கையோடு கொண்டுவந்தாலும் சரி, திருகோணமலையில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் எங்கட வீடு?"

குலுக்கல் முறையில் விழுந்தது, அவ்வளவுதான். யாரும் பெயர் கொடுக்கவில்லை. 2019இல் நடந்த ஆய்வுக்கு நாடு முழுவதும் சுமார் 25,000 வீடுகளைத்தான் தெரிவு செய்தார்கள். நாட்டில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருப்பதால், தெரிவான ஒரு வீடு சராசரியாக இருநூறு வீடுகளுக்காகப் பதில் சொல்கிறது. "எங்களுக்கு நேரமில்லை, பக்கத்து வீட்டில் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டால் அங்கேதான் கணக்கு பிழையாகிறது. பகலில் கதவு திறந்திருக்கும் வீட்டில் ஓய்வூதியம் எடுக்கும் ஐயா இருப்பார். கடலுக்குப் போகிறவர் வீடும், கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் வீடும் பூட்டித்தான் கிடக்கும். பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு எடுத்த கணக்கில் மாவட்டம் இருப்பதைவிட வசதியாகத் தெரியும்.

இந்த ஆய்வை ஒரு வருடம் முழுக்க, மாதம் மாதமாக வெவ்வேறு வீடுகளில் செய்கிறார்கள். அது நமக்கு மிகவும் தேவையான ஏற்பாடு. வாடைக்காற்றுக் காலத்தில் மூதூரிலும் குச்சவெளியிலும் கரைவலை இழுக்கிறவரின் வருமானம் வேறு, கடல் அமைதியான மாதங்களில் வேறு. ஒரே மாதத்தில் எல்லாரையும் கேட்டிருந்தால் இரண்டில் ஒன்றுதான் பதிவாகியிருக்கும்.

பதில்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வறுமைக் கோடும் விலைவாசிச் சுட்டெண்ணும் இவற்றை வைத்தே கணிக்கப்படுகின்றன. 2021ஐ அடிப்படையாகக் கொண்ட தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, மீனுக்கு எவ்வளவு பங்கு என்பது 2019இல் வீடுகள் சொன்ன செலவுக் கணக்கிலிருந்து வந்தது. 2006/07 ஆய்வில் வட மாகாணத்தோடு சேர்த்துத் திருகோணமலை மாவட்டமும் விடுபட்டது. அந்த வருடங்களின் தேசிய வறுமைக் கணக்கில் நாம் இல்லவே இல்லை. போர் காரணமாக அன்று கேட்கவே ஆள் வரவில்லை. இன்று கேட்க வருகிறார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பயம் இருப்பதில் வியப்பில்லை. போர்க்காலத்தில் வீட்டில் யார் யார் என்று பட்டியல் எழுதிப் பொலிஸில் பதிந்த நினைவு பலருக்கு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள், திரும்பி வராதவர்களும் உண்டு. இப்போது அதோடு அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவும் சேர்ந்துகொண்டது: "உண்மையைச் சொன்னால் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களோ?" இல்லை. அஸ்வெசும வேறு சபை, வேறு விண்ணப்பம், வேறு கணக்கெடுப்பு. மாதிரி ஆய்வில் நீங்கள் சொல்வது எந்தப் பயனாளிப் பட்டியலுக்கும் போகாது. ஒரு வீட்டை அடையாளம் காட்டும் விதமாகத் தகவலை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதே சட்டத்தில், பதில் சொல்ல மறுப்பதும் தெரிந்தே பொய் சொல்வதும் குற்றம்தான். இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு கடிதம் சொல்லிவிட முடியுமா? அமெரிக்காவில் இதைப் பல வருடங்களாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். அங்கே குடித்தொகைப் பணியகம் 'அமெரிக்க சமூக ஆய்வு' என்ற பெயரில் வருடத்துக்கு சுமார் 35 இலட்சம் முகவரிகளுக்குத் தபால் அனுப்புகிறது. முதலில் இணையத்தில் பதில் தரச் சொல்லிக் கடிதம் போகும், அப்புறம் நினைவூட்டல், பதில் வராத வீடுகளுக்குத் தாள் படிவம். 2003இல் காங்கிரஸ் கேட்டபடி ஒரு சோதனை செய்தார்கள்: சிலருக்கு 'பதில் தருவது சட்டப்படி கட்டாயம்' என்ற கடிதம், சிலருக்கு 'விரும்பினால் தரலாம்' என்ற கடிதம். இரண்டாவது பிரிவில் தபால் வழிப் பதில் 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. தபாலில் பதில் வராவிட்டால் ஆள் அனுப்பித்தான் கேட்க வேண்டும், செலவு ஏறும். 2015இல் நினைவூட்டல் அஞ்சலட்டையை உறையிட்ட கடிதமாக மாற்றினார்கள். திறந்த அட்டையில் இணையத்துக்கான அடையாள எண்ணை அச்சிட முடியாது, மூடிய கடிதத்தில் முடியும். அதைப் பெற்றவர் முதல் கடிதத்தைத் தேட வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளின் உயிர்நாடி பிரிக்கும் முறை. உப்புவெளிக்கு ஒரு கடிதம், வெருகலுக்கு வேறு கடிதம் என்று அனுப்பினால், வந்த வித்தியாசம் கடிதத்தாலா ஊராலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள்ளேயே வீடுகளைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க, கடிதத்தை மட்டும் மாற்ற வேண்டும். பிறகு எத்தனை வீடு பதில் தந்தது என்பதோடு, எப்படிப்பட்ட வீடு தந்தது என்றும் பார்க்க வேண்டும். ஓய்வூதிய வீடுகளே இன்னும் கூடப் பதில் தந்தால் அந்தக் கடிதம் வெற்றியில்லை.

நம் மாவட்டத்துக்கு அப்படியொரு சோதனை தேவை என்பது என் கருத்து. எடுத்துக்காட்டுக்கு நானே எழுதிய இரண்டு தொடக்கங்கள். ஒன்று: "மேற்படி ஆய்வு தொடர்பில், ஏற்புடைய சட்ட ஏற்பாடுகளுக்கமைய, தங்களிடமிருந்து பெறப்படவேண்டிய தகவல்களை வழங்கி ஒத்துழைக்குமாறு இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்." மற்றது: "அடுத்த வாரம் எங்கள் அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பாட்டுச் செலவு, வருமானம், கடன் பற்றிக் கேட்பார். நீங்கள் சொல்வதை வைத்து எந்த உதவியும் வெட்டப்படாது. பகலில் வேலைக்குப் போவீர்களானால் வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், அப்போது வருவார்." கிண்ணியாவில் ஒரு தாய் எதை இறுதிவரை வாசிப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் என் எண்ணத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் தமிழில் இருப்பது சலுகை அல்ல. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள்.

அலுவலர் வந்ததும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அவர் தவறாக எடுக்கக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் உங்கள் கிராம உத்தியோகத்தரையோ (ஜீ.எஸ்.) பிரதேச செயலகத்தையோ விசாரித்துவிட்டு அடுத்த நாள் வரச் சொல்லலாம். வங்கி அட்டையின் இரகசிய எண்ணையோ தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோ யாராவது கேட்டால் அவர் கணக்கெடுப்புக்கு வந்தவர் அல்ல, பணமும் எதற்கும் கட்டத் தேவையில்லை. வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கையில் இருக்கிறீர்கள் என்றால், கடிதம் சந்திக் கடையில் கிடக்கக்கூடும். கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தபால்காரருக்கும் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.