அழித்தால் அழிந்துவிடுமா?

கணினிச் சர்வீஸில் என் மேசைக்கு உடைந்த திரைகளைவிட அதிகம் வருவது ஒரு கேள்வி: "தெரியாம டெலிட் பண்ணிட்டேன், திரும்ப எடுக்க முடியுமா?" அப்படித்தான் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். பிறந்தநாள் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டார். பதறிப்போய், மீட்டுத் தருவதாகச் சொன்ன மூன்று மென்பொருட்களை அதே டிரைவில் இறக்கி நிறுவியும் பார்த்திருக்கிறார். அழித்ததைக்கூடச் சரிசெய்திருக்கலாம். அந்த மூன்று மென்பொருட்கள்தான் காரியத்தைக் கெடுத்தன.

விண்டோஸோ லினக்ஸோ, எந்த மென்பொருளும் டிஸ்க்கை நேராகத் தொடுவதில்லை. "இதை எழுதி வை", "அதை எடுத்துக் கொடு" என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும். கெர்னல் செய்து கொடுக்கும். டிஸ்க்குக்கு ஃபைலும் தெரியாது, ஃபோல்டரும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் போட்ட கட்டங்கள்தான். இயங்குதளம் அவற்றைப் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவில் பிரித்து, எந்தப் பெயர் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது.

நீங்கள் அழிக்கும்போது மாறுவது அந்தப் பதிவேடு மட்டுமே. "இந்தக் கட்டங்கள் காலி" என்று குறித்துக்கொள்வதோடு சரி. உள்ளே படம் அப்படியே கிடக்கும், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை. நகலெடுக்கப் பல நிமிடம் ஆகும் பெரிய வீடியோ ஒரு நொடியில் அழிவது இதனால்தான்.

அந்த லேப்டாப்பில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படித்தேன். சில படங்கள் முழுதாக வந்தன. ஒன்றில் மேல்பாதியில் பலூனும் சிரித்த முகமும், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அந்தக் கட்டங்களில் புதிய மென்பொருள் குடியேறிவிட்டது.

ஆகவே, தவறி அழித்தால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். சும்மா இணையத்தில் உலவினாலும் பிரவுசர் டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. காலியான கட்டங்கள் எவை என்று இயங்குதளமே டிரிம் கட்டளை மூலம் அதற்குச் சொல்லிவிடும்; அதுவும் தன் போக்கில் துடைத்துவிடும்.

இதே சங்கதி, பழைய கணினியை விற்கும்போது தலைகீழாகிறது. ஃபைல்களை அழித்துவிட்டேன், குவிக் ஃபார்மட்டும் போட்டுவிட்டேன் என்பார்கள். அதுவும் பதிவேட்டை மட்டும்தான் புதிதாக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அவர்களுடைய அடையாள அட்டை நகல் வரை பத்திரமாக இருக்கும். விண்டோஸ் ரீசெட் செய்யும்போது டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் பென்டிரைவ். அழிக்கும்போது போகாததைப் போய்விட்டது என்று காட்டும் இயங்குதளம், நகலெடுக்கும்போது இன்னும் போய்ச்சேராததைச் சேர்ந்துவிட்டது என்று காட்டக்கூடும். வேகத்துக்காக முதலில் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக எழுதும். லினக்ஸில் இது நன்றாகவே தெரியும். விண்டோஸ் 10-இல், 2018-இல் வந்த 1809 பதிப்பு முதல், பென்டிரைவுக்கு இந்த வழக்கத்தை இயல்பாகவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆனாலும் நான் பாதுகாப்பாக வெளியே எடுக்கும் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்குவதில்லை. பென்டிரைவில் சின்ன விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். திரையில் நகலெடுத்து முடிந்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டிருந்தால், எழுதும் வேலை இன்னும் முடியாமல் இருக்கலாம்.