ஸ்கேன் போடுவதும் பழுதறிவதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தப் பெங்கெலுக்கு, அதாவது பட்டறைக்கு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் இப்போது முதலில் காதில் விழும் சொல் 'ஸ்கேன்'. "அண்ணே, மோட்டார் இழுக்கவே மாட்டேங்குது, ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்க" என்று பையன் கேட்பான். "இது கார்பரேட்டர் மோட்டாரு தம்பி, இதுல எங்கலா ஸ்கேன் போடுறது?" என்று மெக்கானிக்கான போமென் சிரிப்பார். பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) ஸ்கேனரைச் செருக ஓட்டையும் கிடையாது, செருகினால் பதில் சொல்லக் கணினியும் கிடையாது. ஆனாலும் சொல் பரவிவிட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, மோட்டாருக்கும் அப்படித்தான் என்ற எண்ணம்.

பெங்கெல், போமென் இரண்டும் மலாய் வழியாக நம் வாய்க்கு வந்தவை. பெங்கெல் டச்சு மொழியில் கடையைக் குறிக்கும் 'விங்கெல்'. போமென் ஆங்கில 'ஃபோர்மேன்'. இவற்றால் யாருக்கும் குழப்பமில்லை, அப்படியே இருக்கட்டும். குழப்பம் 'ஸ்கேன்', 'டயக்னோஸ்டிக்' என்ற இரண்டில்தான் இருக்கிறது. கருவி செய்கிற வேலையும் ஆள் செய்கிற வேலையும் இவற்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

ஸ்கேன் என்பதற்கு மூலம் லத்தீனில் 'ஸ்காந்தெரே', அதாவது ஏறுதல். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் செய்யுளின் அடியை அசை அசையாகப் பிரித்து எண்ணுவது. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்: நம் 'அலகிடுதல்' அதுவேதான். நேர் நிரை என்று பிரித்துச் சீருக்கு வாய்பாடு சொன்னோமே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் ஸ்கேன் என்று பெயர். பிறகு 'ஊன்றிப் பார்த்தல்' என்று பொருள் விரிந்து, கடைசியில் ஒளியால் தடவிப் படமெடுக்கும் பொறிக்குப் பெயரானது. கணினித் தமிழ் அந்தப் பொறிக்கு 'வருடி' என்று பெயர் வைத்தது. தாளை ஒளி வருடிச் செல்வதால் அது பொருத்தமான பெயர்.

மோட்டார் ஸ்கேனர் எதையும் வருடுவதில்லை. பிஸ்டனையோ வால்வையோ அது பார்ப்பதே இல்லை. எரிபொருளை ஊசிமூலம் பீய்ச்சும் மோட்டாரில் ஈசியூ என்ற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். தமிழில் மின்னணுக் கட்டுப்பாட்டகம். காற்றழுத்தம், வெப்பம், திராட்டல் (முறுக்கினால் காற்றுக்கு வழிவிடும் கதவு) திறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உணரி, அதாவது சென்சர், உண்டு. உணரி அனுப்பும் மின்னழுத்தம் வரவேண்டிய எல்லைக்குள் வராவிட்டால் ஈசியூ ஒரு குறியீட்டை எழுதிவைத்துக்கொண்டு மீட்டரில் விளக்கை எரியவிடும். "என்ன எழுதி வைத்திருக்கிறாய்?" என்று அதைக் கேட்பதுதான் ஸ்கேனரின் முதல் வேலை. இப்போது எந்த உணரி என்ன அளவு காட்டுகிறது என்பதையும் நல்ல ஸ்கேனர் கேட்டுச் சொல்லும். அதற்கு அப்பால் உள்ளே எது கெட்டது என்று அதற்குத் தெரியாது.

பி0122 என்ற குறியீட்டைப் பாருங்கள். பி என்பது என்ஜினும் அதன் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளும். அடுத்த பூஜ்யம், இது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அங்கே 1 இருந்தால் தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடு. மொத்தத்தில் இதன் விளக்கம் 'திராட்டல் உணரி மின்சுற்றில் அழுத்தம் குறைவு'. மின்சுற்று என்றுதான் சொல்கிறது, உணரி கெட்டது என்று சொல்லவில்லை. சுற்று என்றால் உணரி, அதற்குப் போகும் வயர், நடுவில் உள்ள இணைப்பான், ஈசியூ எல்லாமே அதில் அடக்கம். "ஸ்கேன்ல சென்சர் போயிடுச்சுன்னு காட்டுது" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்தின் பின்பாதி ஸ்கேனர் சொன்னதல்ல, சொன்னவர் சேர்த்தது. புது உணரிக்குக் காசு கொடுத்தும் விளக்கு அணையாமல் திரும்பி வரும் மோட்டார்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே இந்தக் கருவிக்கு என்ன பெயர்? 'வருடி' ஒட்டாது. 'படிப்பி' என்று வைக்கலாமா என்றால் அது பாடம் சொல்லிக்கொடு என்று பொருள்படும். 'பழுதுகாட்டி' அழகாக இருக்கிறது, ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாகப் பெருமை கொடுக்கிறது. திசைகாட்டி, நாட்காட்டி வழியில் 'பழுதுக்குறி காட்டி' என்பதே என் தேர்வு. ஃபால்ட் கோட் என்பது பழுதுக்குறி. மீட்டரில் எரிவது பழுதுக்குறி விளக்கு. பேச்சில் ஸ்கேனர் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. எழுதும்போது பொருள் புரிந்து எழுதினால் போதும்.

அந்த விளக்கே ஒரு பழுதுக்குறி காட்டி என்பது பலருக்குத் தெரியாது. ஊசிப் பீய்ச்சல் உள்ள ஹோண்டா மாடல்கள் பலவற்றில், ஈசியூவுடன் பேசும் இணைப்பானில் கையேடு சொல்லும் இரண்டு முனைகளை இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. எட்டுக் குட்டை என்றால் திராட்டல் உணரிச் சுற்று. ஒரு நீண்டது, இரண்டு குட்டை என்றால் 12, ஊசியின் சுற்று. இரண்டு நீண்டது, ஒரு குட்டை 21, ஆக்சிஜன் உணரி. சிமிட்டாமல் விடாது எரிந்தால் நினைவில் ஒன்றும் இல்லை. முனைகள் எவை என்று கையேட்டில் பார்க்காமல் வயரைச் சொருகக் கூடாது. தப்பான முனைகளை இணைத்தால் ஈசியூவே போய்விடலாம். யமஹாவில் எண்கள் வேறு, முறையும் வேறு.

காருக்கு வாங்கிய புளூடூத் செருகி, அந்த இஎல்எம்327, மோட்டாருக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு ஒரே வகை இணைப்பான் கட்டாயமானது. மோட்டார் சைக்கிளுக்கு இது தாமதமாகத்தான் வந்தது: ஐரோப்பாவின் யூரோ 4 விதி 2016இல் பழுதுணர் அமைப்பைக் கேட்டது, அதே ஆண்டு வந்த ஐஎஸ்ஓ 19689 தரம் ஆறு முனை இணைப்பானை வரையறுத்தது. அதற்கு முந்தைய கப்சாய்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் இணைப்பான், ஒரு மொழி. மாற்றுக் கேபிள் வாங்கினால் முனை பொருந்தும், மொழி பொருந்த வேண்டுமென்று இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் பெயர் அந்தக் கருவியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி டயக்னோஸ்டிக். கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக, பிரித்து. 'க்னோசிஸ்' என்றால் அறிவு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல். இந்தக் 'க்னோசிஸ்'உம் வடமொழி 'ஞான'மும் ஒரே வேரில் பிறந்தவை. மருத்துவத்தில் நாம் நோயறிதல் என்கிறோம். குறளின் 'நோய்நாடி நோய்முதல் நாடி' எல்லாருக்கும் மனப்பாடம். அங்கே வரும் 'நாடி' கையில் பிடித்துப் பார்க்கும் நாடி அல்ல. ஆராய்ந்து என்று பொருள். குறள் நோயை வேறாகவும் நோய்முதலை வேறாகவும் வைக்கிறது. மோட்டாரில் பி0122 நோய். நோய்முதல் அறுந்த வயராக இருக்கலாம். சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் மருத்துவரின் ஆயுதம் என்கிறது. ஆயுதம் எட்டு இருந்தாலும் முடிவு சொல்பவர் மருத்துவர்.

பொறிக்கு நோய் என்று சொல்ல வாய் வராது, 'பழுது' வரும். 'பழுது எண்ணும் மந்திரி' என்று குறளிலேயே உண்டு. அதோடு சேர்ந்த 'பழுதுபார்த்தல்' இன்னும் சுவையானது. வைத்தியம் பார்த்தல், வேலை பார்த்தல் போல இங்கேயும் பார்த்தல் கவனித்துச் செய்தல்தான். இருந்தாலும் ரிப்பேருக்குத் தமிழ் வைத்த பெயரில் பழுதும் பார்வையும் முன்னே நிற்கின்றன, மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. எனவே டயக்னோசிஸ் பழுதறிதல், டயக்னோஸ்டிக் டூல் பழுதறி கருவி. ஸ்கேனர் அவற்றில் ஒன்று மட்டும். பிளக் சாவி, கம்பிரஷன் கேஜ், மல்டிமீட்டர் எல்லாமே பழுதறி கருவிகள்தான். கார்பரேட்டர் இஎக்ஸ்5இல் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தாலே பாதி தெரியும்: வறண்ட கரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மின்யாக் ஹித்தாம், அதாவது என்ஜின் எண்ணெய், உள்ளே ஏறுகிறது.

வீட்டில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் மல்டிமீட்டர் வாங்குங்கள். 1923இல் பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டோனல்ட் மெக்கடி ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் 'ஏவோமீட்ட'ரைக் கொண்டுவந்தார். அந்தப் பெயர் மூன்றின் முதலெழுத்துகள். வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் இது பன்மானி. இரவு முழுக்க நின்ற மோட்டாரின் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. என்ஜினை முடுக்கினால் சுமார் 14க்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிபையர், அவற்றின் வயர் என்று தேடல் திரும்பும். பேட்டரி தளர்ந்தாலே ஈசியூ பொய்க் குறிகளையும் எழுதும் என்பதால் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

பிறகு பி0122. சாவியை அணைத்து, திராட்டல் உணரியின் இணைப்பானைக் கழற்றி, சாவியைத் திறந்து வயர்ப் பக்க முனைகளில் அளந்தால் ஈசியூ தரும் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் உணரி மீது குற்றமில்லை. நம் ஊரில் அந்த முனைகளைப் பிரித்தாலே அடிக்கடி பச்சைப் பூச்சு தெரியும். செம்பனைக்கு உரம் போடப் போகும் மோட்டாரில் உரத்தூள் ஒட்டும், மாலை மழையில் அது கரைந்து இணைப்பானுக்குள் இறங்கும், செம்பு பச்சையாகப் பூத்துப்போகும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் கட்டிப்பாலுக்கு ஊற்றும் ஆசிட் சிந்தினாலும் உலோகத்தை அரிக்கும். தோட்ட லயத்து வராந்தாவில் நிற்கும் மோட்டாருக்கு எலி வேறு. இவை எதுவும் ஸ்கேனர் திரையில் வராது. மின்முனைகளைச் சுத்தமாக்கும் 'காண்டாக்ட் கிளீனர்' தெளித்து, துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டி, வயரை அசைத்து அசைத்து மறுபடி அளக்க வேண்டும். அசைக்கும்போது எண் துள்ளினால் உள்ளே வயர் அறுந்திருக்கலாம்.

கடைசியாக 'ரீசெட்'. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் அதிகம். பல மாடல்களில் பழுதுக்குறி மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால் அது அப்படியே நிற்கும். ஸ்கேனர் மூலமோ கையேட்டில் உள்ள முறையிலோதான் அழியும். இதைக் குறியழித்தல் எனலாம். பழுதுநீக்கல் வேறு. விளக்கை அணைத்துக் கொடுத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாக்குவது. அழிக்கும் முன் குறி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியில் திரையைப் படமெடுத்தாலும் சரி. அழித்தபின் அதே எண் திரும்பி வருகிறதா, எவ்வளவு தூரம் ஓடியபின் வருகிறது, மழையில் மட்டும் வருகிறதா என்பதெல்லாம் போமெனுக்கு ஸ்கேனர் சொல்லாத தகவல்.