வெறுங்காணியைப் பூங்காவாக்கப் போகிறவர்களுக்கு

பற்றை மண்டி, குப்பை கொட்டிக் கிடக்கும் காணித் துண்டு ஒன்றாவது இல்லாத ஊர் மட்டக்களப்பில் குறைவு. இளைஞர்கள் சேர்ந்து சிரமதானம் வைத்து, வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் காசு சேர்த்து ஊஞ்சலும் சறுக்கியும் போட்டு முடித்த பிறகுதான் ஒருவர் பேமிட்டோடு, அதாவது அரச காணி அனுமதிப் பத்திரத்தோடு, வந்து நிற்பார். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

ஆகவே மண்வெட்டியை எடுக்குமுன் காணி யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். "அது அரசாங்கக் காணிதானே" என்று ஊரில் சொல்வது எதற்கும் உதவாது. அரச காணி பிரதேச செயலகத்தின் கையில். பூங்கா அமைத்துப் பராமரிப்பது பிரதேச சபையின் வேலை, நகரமென்றால் மாநகர சபை அல்லது நகர சபை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சனம் அலைகிறது. காணி எங்கள் பெயரில் இல்லை, செலவழித்தால் கணக்காய்வில் மாட்டுவோம் என்று சபையில் சொல்வார்கள். சபை கேட்டு எழுதட்டும், பார்ப்போம் என்று செயலகத்தில் சொல்வார்கள். இரண்டுமே ஒரு வகையில் சரி, அதுதான் எரிச்சல். காணியைப் பூங்காவுக்குக் கேட்பதாகச் சபையில் தீர்மானம் போடவைத்து, திகதியோடு அதன் பிரதியை வாங்கிக்கொண்டு செயலகத்துக்குப் போங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை இங்குள்ள சபைகள் பல உறுப்பினர்களே இல்லாமல் ஓடின, அதற்கு முன் தலையாட்டியவர்களை யாரிடம் போய்க் கேட்பது?

கடிதம் கொடுத்தால் "பெரியவர் லீவு" என்பார்கள். சரி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். அரசு ஒதுக்கி வைத்த காணியா, யாருக்காவது பேமிட் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை கையோடு வாங்குங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். அம்பாறையில் பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள், கிழக்கில் அது உங்கள் அரசியலமைப்பு உரிமை.

வாவிக்கரை, கடற்கரைப் பக்கமென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். கடலிலிருந்து 300 மீட்டருக்குள் கட்டுமானம் அவர்களுடைய அனுமதிக்குள் வரும். வன இலாகாவின் எல்லைக்கல் தெரிந்தால் பெக்கோ இயந்திரத்தை இறக்காதீர்கள், வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதிகளில் பெரிய காணியைத் துண்டு போட்டு விற்றால், வீதி போக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தைச் சபையில் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பூங்கா அதில் ஏற்கெனவே கோடு போட்டு இருக்கலாம், தரையில் யாரோ மதில் கட்டியிருக்கலாம்.

அப்புறம், பதிவில்லாத கழகத்தின் கடிதத் தலைப்பை யாரும் மதிப்பதில்லை, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். மின்கட்டணம் யார் பெயரில் வரும் என்று சபையோடு எழுதிக்கொள்ளாமல் விளக்கு மாட்ட வேண்டாம்.